கொல்லிப்பாவை மறுபுனைவுத் திட்டவியல்

நூற்பா 1
முனைதல் வகுத்தல் மொழிதல் மறத்தலென்று
அனைநால் வகைத்தே மறுபுனை திட்டம்.

உரை: இஃது என் நுதலிற்றோ எனின், பழைய இறைவியர் வரலாற்றைப் புதிதாகப் புனையக் கருதுவோர் கடந்து செல்லும் நிலைகள் இத்துணை என்பது நுதலிற்று. மாணாக்க, செவி கொடுத்துக் கேள். முனைதலாவது எண்ணம் தோன்றுதல். வகுத்தலாவது தோன்றியதைத் தாளில் கட்டம் போட்டுப் பிரித்தல். மொழிதலாவது பிரித்ததைப் பிறர்க்குச் சொல்லுதல். மறத்தல் வெளிப்படை.

எழுதுதல் இந்நான்கனுள் யாண்டு அடங்கும் எனின், அடங்காது என்க. எழுதுதல் புனைவின் உறுப்பே அன்றித் திட்டத்தின் உறுப்பு அன்று. இவ்விரண்டையும் மயக்குவது தொடக்கநிலை மாணாக்கர் செய்யும் வழு. வீடு கட்டும் திட்டத்தில் குடியிருத்தல் இல்லாமை போல இதனைக் கொள்க.

இத்திட்டத்தை உடையவர் முனைநர் எனப்படுவர். ஒருவர் முனைநர் ஆவதற்கு, "ஓர் அம்மன் வரலாற்றை எடுத்து வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன்" எனப் பிறர் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருத்தல் வேண்டும். தமக்குள் எண்ணிக்கொண்டதோடு நின்றவர் வெறும் எண்ணுநர். அவரை இந்நூல் ஆராயாது. கேட்டவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அவர் காதில் வாங்கினாரா என்பது கட்டாயமில்லை.

இந்நூலுக்கு நிலைக்களம் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்கு மலைத்தொடரில், ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருப்பது. இதனைத் தேர்ந்த கரணியம் அடுத்த நூற்பாவால் விளங்கும்.

நூற்பா 2
வரலா றுடையாள் வரலா றிலாளென
இருபாற் படுமே இறைவியர் தொகுதி.

உரை: வரலாறுடையாள் என்பவள், என்ன செய்தாள் என்று ஊரில் எவரைக் கேட்டாலும் திண்ணையில் உட்காரவைத்துச் சொல்லுமளவு நிகழ்ச்சி உடையவள். குமரிமுனை அம்மைக்கு மணநாள் குறித்தாயிற்று. சுசீந்திரத்து மாப்பிள்ளை கிளம்பியும் ஆயிற்று. விடியுமுன் பொய்ச்சேவல் ஒன்று கூவ, பொழுது தப்பியது எனக் கருதி அவர் வழியிலேயே திரும்பிவிட்டார். மணவிருந்துக்கு வைத்த அரிசி இன்றும் கரையில் மணலாய்க் கிடக்கிறது. இரேணுகைக்குத் தலை ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது. பழையனூர் நீலிக்குக் கள்ளிக்கட்டைக் குழந்தை உண்டு, ஊரவையில் வழக்கு உண்டு, சொன்ன சொல்லுக்காகத் தீப்பாய்ந்த வேளாளர் எழுபதின்மர் உண்டு. சமயபுரத்தாளோ, அடியார் நோன்பிருக்க வேண்டிய இடத்தில் தானே 28 நாள் பச்சைப்பட்டினி கிடக்கிறாள். பட்டினி கிடக்கும் அம்மன் என்னும் அந்த ஒரு செய்தியே ஒரு நெடும்புனைவைத் தாங்கும். இவர்களை மறுபுனைதல் எளிது. எளிதாதலின் இந்நூலுக்குப் புறம்பு.

வரலாறிலாள் என்பவளுக்குப் பெயர் உண்டு, இடம் உண்டு, அழகு உண்டு, அவளைப் பற்றிய அச்சமும் உண்டு. செயல் மட்டும் இல்லை. இதற்குத் தலையாய சான்று கொல்லிப்பாவை. மறுபுனைதற்கு முதற்புனைவு வேண்டும் அன்றோ, அஃதில்லாத இடத்து எதனை மறுபுனைவது எனின், அவ்வில்லாமையே முனைநரை ஈர்ப்பது என்க. தடுக்க எவரும் இல்லாத வீட்டுக்குள் நுழைவது எளிது.

அவள் மூன்று அடுக்காகக் கிடைக்கிறாள்.

முதலாவது பாட்டுப்பாவை. குறுந்தொகை 100இல் கபிலர் அவளை மன்னன் ஓரியின் கொல்லிமலையில், மேற்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். குறுந்தொகை 89இல் பரணர் அதே பாவையைச் சேரன் பொறையனின் கொல்லியில் நிறுத்துகிறார். நற்றிணை 201இல் அந்தப் பரணரே, காற்று அறைந்தாலும் மழை சினந்தாலும் இடி விழுந்தாலும் நிலமே ஆடினாலும் உருக் குலையாதவள் அவள் என்கிறார். அவளை ஆக்கியது கடவுள் என்பது இவர் கொள்கை. பூதம் என்பது நற்றிணை 192. ஆக்கியவர் யார் என்பதிலேயே இரண்டு கருத்து இருக்கையில், அவள் என்ன செய்தாள் என்பதில் ஒரு கருத்துக்கூட இல்லை. ஏனெனின் இப்பாட்டுகளில் பேசுவோருட் பெரும்பாலோர் தலைவியை நெருங்க இயலாது மலையடியில் நிற்கும் இளைஞர். அவர்க்குப் பாவையின் வரலாறு வேண்டுவதில்லை. பாவை போன்றவளின் வீட்டுக்கு வழி தெரிந்தால் போதும். ஆகவே அவள் உவமையாக வந்தாள், உவமையாகவே நின்றாள். அகநானூறு 209இல் கல்லாடனார் ஒரு பெருஞ்செய்தி சொல்கிறார்: முள்ளூர் மன்னன் காரி, ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்தான். ஆண்டவன் மாண்டான், மலை கைமாறிற்று. அன்றைக்குப் பாவை என்ன செய்தாள்? அங்கும் ஒரு பெண்ணின் அழகுக்கு ஒப்பாக நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டாவது நகைப்பாவை. மலையில் தவம் செய்தோர் தீயோர்க்கு அஞ்சி ஒரு பொறிப்பெண்ணை ஆக்கி நிறுத்தினர் என்றும், ஆள் நெருங்கினால் அவள் நகுவாள் என்றும், நகையில் மயங்கி மேலும் நெருங்கியவன் உயிரோடு மீளான் என்றும் பிற்காலத்தார் கூறுவர். செயல் என்று சொல்லத்தக்கது முதன்முதலில் இங்குதான் தலைகாட்டுகிறது. அதுவும் ஒன்றே செயல். ஒருமுறை செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது.

மூன்றாவது கோயிற்பாவை. மலைமேல் எட்டுக்கை அம்மன் என்னும் பெயரில் வழிபடப்படுபவள். அவளே கொல்லிப்பாவை என்பது வழக்கு. பாட்டில் கை எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. நகைப்பாவைக்குக் கையே தேவைப்படவில்லை. கோயிலில் எட்டு.

இம்மூவரும் ஒருத்தியே என்பார் ஒருசாரார். ஒருத்தி மேல் ஒருத்தி ஏறினாள் என்பார் ஒருசாரார். முனைநர்க்கு இவ்வழக்கு பொருட்டன்று. அவர் மூவரிடமும் வேண்டியதை எடுத்துக்கொள்வார்: முதலாமவளிடம் பழமை, இரண்டாமவளிடம் நகை, மூன்றாமவளிடம் அட்டைப்படம்.

இனி முனைதல்.

முனைநர் ஐவகையர்: ஏற்றமுனைநர், நூன்முனைநர், பாட்டிமுனைநர், சினமுனைநர், பொருள்முனைநர் என.

ஏற்றமுனைநராவார் மலையேறுகையில் எண்ணம் தோன்றப் பெற்றவர். காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு செல்லும் சாலையில் கொண்டைஊசி வளைவுகள் 70. ஒவ்வொன்றற்கும் எண் இட்ட பலகை உண்டு. ஆதலின் எண்ணம் எந்த வளைவில் தோன்றிற்று என்பதைப் பிழையறக் குறிக்கலாம். பிற மலைகளில் இவ்வளவு திருத்தமான அளவுகோல் இல்லாமையும் இந்நூல் கொல்லியைத் தேர்ந்ததற்கு ஒரு கரணியம். வளைவு 20க்குள் தோன்றுவது கீழ்வளைவு எண்ணம். இது வேடிக்கை பார்ப்பதால் பிறப்பது. அடுத்த குரங்கைக் கண்டதும் போய்விடும். வளைவு 21 முதல் 50 வரை தோன்றுவது நடுவளைவு எண்ணம். பேருந்தின் பின்னிருக்கையில், எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்துக்கொண்டு, சன்னல் கம்பியில் நெற்றியை ஊன்றிக் கண்மூடியிருப்பவர்க்கு, முகம் தெரியாத பெண்ணொருத்தி நகுவது கேட்கும். இவர்கள் இதனை உள்ளொளி என்பர். நடத்துநர் வேறொன்றாகக் கருதி ஒரு தாள்பையை நீட்டுவார். மேல்வளைவு எண்ணம் அரிது. அவ்வளவு உயரம் போனபின் குளிர் தட்டும். குளிர் தட்டியவர்க்குத் தேநீர் அன்றிப் பிறிதொன்று தோன்றாது.

ஏற்றமுனைநருள் ஓர் உட்பிரிவினர் எண்பொருத்துநர். புனைவுக்கு 70 பிரிவு, வளைவுக்கு ஒன்றாக. இவர் சிலபொழுது, நீலிக்காகத் தீப்பாய்ந்த வேளாளரும் எழுபதின்மர் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் அவரைத் தடுத்து நிறுத்துவது கடினம். மாணாக்க, பழையனூர் வேறு மாவட்டம். சாலை அண்மைக் காலத்தது. எண் ஒத்தலால் பொருள் ஒவ்வாது. இதனை அவரிடம் சொல்லாதே. சொன்னால் பிரிவு 71 எழுதத் திட்டமிடுவார்.

நூன்முனைநர் இருவர்: பாட்டோடு உரையும் படித்தவர், முன்னுரை மட்டும் படித்தவர். முன்னவர்க்கு ஐயம் மிகுதி. பின்னவர்க்குத் துணிவு மிகுதி. எழுபதுகளில் இராசமார்த்தாண்டன் நடத்திய கொல்லிப்பாவை என்னும் சிற்றிதழ் வழியாக மட்டுமே அவளை அறிந்தவர் இவ்விருவரிலும் அடங்காத மூன்றாம் வகையர். இவர் அவளைப் புதுக்கவிஞர் என்றே நெடுநாள் எண்ணியிருப்பார். பெயர்ப்பொருத்தம் கருதிப் பொறுத்தருளுக.

பாட்டிமுனைநர், "என் பாட்டி சொன்னது" எனத் தொடங்குபவர். பாட்டியின் ஊர் பற்றி இவர் மூவகைப்படுவர். மலைமேல் பிறந்த பாட்டி, மலையடிவாரத்துப் பாட்டி, தஞ்சாவூர்ப் பாட்டி. மலைமேற் பாட்டி உடையவர் பெரும்பாலும் முனைநர் ஆவதில்லை. அவர்க்கு அம்மன் இருக்கிறாள், அது போதும். அடிவாரத்துப் பாட்டி சொன்னது பெரும்பாலும், "அந்தி சாஞ்சா அந்தப் பக்கம் போவாத" என்ற ஒரே வரி. தஞ்சாவூர்ப் பாட்டி உடையவரிடமே வரலாறு விரிவாகவும் ஒழுங்காகவும், தொடக்கம் நடு முடிவோடும் கிடைக்கிறது. இஃது எவ்வாறு என்பதை இந்நூல் ஆராயாது விடுகிறது.

சினமுனைநரை இந்நூலாசிரியர் மதிக்கிறார். நகுவது அவள் குற்றமா? நின்ற இடத்தில் நின்றவளை நாடிப் போனவன் அவன். இறந்தபின் கொலைகாரி என்னும் பெயர் அவளுக்கு. இவ்வினா முறையானதே. நீலியையும் இயக்கியையும் பற்றிக் கேட்கவேண்டியதும் இதுவே. ஆயின் சினம் நான்கு பத்தி வரை நன்கு எரியும். ஐந்தாம் பத்தியில் பாவை எங்கே உறங்கினாள், என்ன உடுத்தினாள், நகாத பொழுதுகளில் என்ன செய்தாள் என்றெல்லாம் சொல்ல வேண்டி வரும். அதற்குச் சினம் உதவாது, பொறுமை வேண்டும். சினமும் பொறுமையும் ஒருவரிடம் ஒருங்கே இருத்தல் அரிது. எனவே இவர் திட்டங்கள் நல்ல கட்டுரைகளாய் முடிகின்றன.

பொருள்முனைநர் 2020இல் மூக்குத்தி அம்மன் திரைப்படம் வந்தபின் பெருகினர். இவர்க்கு விளக்கம் வேண்டா.

இனி வகுத்தல்.

வகுத்தலின் உறுப்புகள் தலைப்பு, படையல், ஏடு, கூற்று என நான்கு. தலைப்பு மூவகைத்து. ஒருசொற்றலைப்பு: நகை, கல், மேற்கு போல்வன. மகட்டலைப்பு: கொல்லியின் மகள், காற்றின் மகள், கல்லின் மகள் போல்வன, எவளையும் எதற்கேனும் மகளாக்காமல் இப்போது நூல் வருவதில்லை. வினாத்தலைப்பு: யார் நகைத்தது? படையலாவது நூலை யார்க்குப் படைப்பது என்னும் முடிவு. முனைநர் பலர் நூலுக்கு முன்பே இதனை எழுதி முடித்துவிடுவர். ஏடாவது இதற்கென வாங்கிய புதுக் குறிப்பேடு. முதற்பக்கத்தில் தலைப்பு, இரண்டாம் பக்கத்தில் மலையின் வரைபடம், மூன்றாம் பக்கத்தில் வீட்டுக்கு வாங்கவேண்டிய மளிகை. நான்காம் பக்கம் கண்டவர் இலர்.

நூற்பா 3
பாவை தச்சன் பட்டோன் தோழி
உடும்போ டைவர் உரைக்குரி யோரே.

உரை: இஃது என் நுதலிற்றோ எனின், மறுபுனைவை யார் வாயால் சொல்லலாம் என்பது நுதலிற்று. அகப்பொருளார் தலைவன் கூற்று, தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று எனப் பிரித்தாங்கு, திட்டவியலார் ஐங்கூற்றுப் பிரிப்பர். வகுத்தலில் முனைநரின் பெரும்பொழுதை உண்பது இதுவே. ஆதலின் சற்று விரித்துரைப்பாம்.

பாவை கூற்று. தன்மையில் அவளே பேசுவது. பத்தில் எட்டு முனைநர் முதலில் எடுப்பது இதனையே. இடர்ப்பாடு யாதெனின், அவள் கல். பேசத் தொடங்கினால் கல்லின் பொழுதில் பேச வேண்டும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இராது. முனைநர் இதனைத் தாங்காமல் அவளுக்கு உள்ளத்தையும், உள்ளத்துக்குப் புண்ணையும், புண்ணுக்கு ஒரு பழைய காதலனையும் கொடுப்பர். காதலன் ஓரி. இஃது ஓரியேற்றம் எனப்படும். கபிலர் ஓரியையும் பாவையையும் ஒரே பாட்டில் வைத்தார் என்பது உண்மை. ஓரி அவளைக் கண்டான் என்று அவர் சொன்னாரல்லர். மலைக்கு உரிமையாளன் மலையிலுள்ள அனைத்தையும் காதலித்தான் எனக் கொள்ளின், மிளகுக்கொடிக்கும் ஒரு நெடும்புனைவு எழுத வேண்டி வரும்.

தச்சன் கூற்று. அவளைச் செதுக்கியவன் பேசுவது. அவன் கடவுளா பூதமா என்பதில் பாட்டுகள் மாறுபடுவதால், முனைநர் இரண்டையும் விடுத்து அவனை மாந்தன் ஆக்கிவிடுவர். பின் அவனுக்கு ஒரு மகள் இறந்திருப்பாள். அவள் முகமே பாவையின் முகம். கேட்டவுடன் கண் கலங்கும். இரண்டாம் முறை கேட்கையில், இது வேறு ஏழெட்டுக் கோயில் தூணுக்கும் சொல்லப்படுவது நினைவுக்கு வரும்.

பட்டோன் கூற்று. நகை கேட்டு நெருங்கி மாண்டவன் பேசுவது. இந்நூலாசிரியர் கருத்தில் ஐந்தனுள் சிறந்தது இதுவே. அவன் ஒருவனே அவளை மிக அருகில் கண்டவன். ஆயின் இதனை எடுப்பாரைக் காணோம். முனைநர் ஆடவராயின் தம்மைப் பட்டோனாக எண்ணிக்கொள்ள நாணுவர். பெண்டிராயின் அவனுக்கு வாய் கொடுக்க மறுப்பர். இரு சாரார்க்கும் கரணியம் உண்டு.

தோழி கூற்று. பாவைக்குத் தோழி இல்லை. ஆகவே முனைநர் மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவருவர். இங்குத்தான் திட்டங்கள் பெரிதும் வழுவுகின்றன. மலையில் வாழும் மலையாளி மக்களைப் பற்றி முனைநர் அறிந்தது தேன், பலா, காட்டுப்பூ என்பவற்றோடு நிற்கும். தோழி எப்போதும் ஒரு சுரைக்குடுக்கையில் தேன் ஏந்தி வருவாள், சாமை குத்தமாட்டாள். கொல்லிமலையின் பழைய விளைவு சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. சாமையை உரலிட்டுக் குத்தி உமி நீக்குவது பெண்டிர்க்கு முதுகொடிக்கும் வேலை. அந்த வேலையின் கடுமையும், விலை கூடுதலாகக் கிடைத்தமையும் சேர்ந்தே சாமைக் காடுகள் பல மரவள்ளிக்கு மாறின. இன்று வளைவுகளில் எதிர்ப்படும் சரக்குந்துகளில் கிழங்கு கீழே இறங்குகிறது, சவ்வரிசி ஆலைகளுக்கு. உலக்கை பிடித்த கை பற்றிப் பரணர் அறிந்திருந்தார். குறுந்தொகை 89இல் பாவைக்கு ஒப்பாகச் சொல்லப்படுபவள் உலக்கைப் பாட்டுப் பாடுபவள். ஈராயிரம் ஆண்டுக்குப் பின் வந்த முனைநர் அவள் கை உலக்கையைப் பிடுங்கிவிட்டுத் தேன்குடுக்கையைத் திணிக்கிறார். தோழி கூற்றை எடுக்க விழைவோர் ஒருமுறையேனும் படி சாமை குத்திப் பார்த்தபின் எடுக்கக் கடவர். குத்தியவர் எவரும் எடுக்கவில்லை என்பது வேறு.

உடும்பு கூற்று. புறநானூறு 152இல் வன்பரணர் ஓரியின் அம்பு ஒன்றைப் பாடுகிறார். அது யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்து நின்றது. முதல் நால்வரையும் விட்டு உடும்பைப் பேசவைப்பதில் ஒரு நயம் உண்டு; அதற்கு அம்பு வருவதைக் காண மற்ற நால்வரைவிடச் சற்றுக் கூடுதலாகப் பொழுது இருந்திருக்கும். ஆயின் உடும்பு பாவையைக் கண்டதற்குச் சான்று? புற்றின் வாயில் மேற்கு நோக்கி இருந்தது எனக் கொள்க என்பர் இக்கூற்றினர்.

மலை கூற்று, அருவி கூற்று, வளைவு கூற்று என மேலும் விரிப்பாரும் உளர். அவற்றுள் பேசுவது எது என்பதைப் பத்துப் பக்கம் படித்தும் அறிய இயலாமையின் அவை கூற்று எனப்படா.

இனி மொழிதல்.

மொழிதற்குரிய இடம் செம்மேடு. மலையின் முதன்மை ஊர்; பேருந்து நிலையமும் ஓரியின் உருவச்சிலையும் தேநீர்க்கடைகளும் உடையது. கேட்போர் மூவர்: உடன்வந்த நண்பர், தேநீர் ஆற்றுபவர், அடுத்த இருக்கைக்காரர். நண்பர் "எழுதுங்க, நல்லா வரும்" என்பார். இவர் முன்பும் கேட்டவர். தேநீர் ஆற்றுபவர் "சர்க்கரை போடலாங்களா" என்பார். அடுத்த இருக்கைக்காரர்தாம் தீங்கு செய்பவர். அவர் தமக்குத் தெரிந்த வேறொரு பாவை வரலாற்றைச் சொல்லத் தொடங்குவார். அது திட்டத்தை விட நன்றாக இருக்கும்.

நூற்பா 4
ஆய்தலும் உரைத்தலும் பொழுதும் முந்தலும்
தலைப்பும் வினாவும் மறத்தலின் வாயில்.

உரை: மறத்தல் அறுவகைத்து.

ஆய்ந்து மறத்தலாவது, எழுதுமுன் சற்றுப் படித்துக்கொள்வோம் எனத் தொடங்கிப் படிப்பதிலேயே இன்புற்று விடுதல். இது மேன்மக்கள் மறத்தல். உரைத்து மறத்தலாவது, செம்மேட்டில் முழுவதும் சொல்லித் தீர்த்தமையால் சொல்ல ஒன்றுமில்லாது போதல். பொழுதால் மறத்தல் இருவகை: ஆடிப்பெருக்கை ஒட்டி மலையில் நடக்கும் ஓரி விழாவுக்குள் முடிப்பேன் என்பார் மறத்தல், தைத்திங்களில் சென்னை நூற்காட்சிக்குள் முடிப்பேன் என்பார் மறத்தல். இவ்விருவரும் ஒருவரே, ஆடியில் விட்டதைத் தையில் பிடிப்பேன் என்பார், தையில் விட்டதை ஆடியில். முந்தலால் மறத்தல், வேறொருவர் தொடங்கினார் எனக் கேள்வியுற்று விடுதல். அந்த வேறொருவர் இவரைக் கேள்வியுற்று முன்பே விட்டிருப்பார். தலைப்பால் மறத்தல், நகை என்னும் தலைப்பில் முன்பே ஒரு விளம்பரப் பலகை, தங்கக் கடையினது, இருப்பதைக் காணுதல்.

ஆறாவது வினாவால் மறத்தல். இதனை விரித்துரைக்க வேண்டும். முனைநர் கோயிலுக்குப் போகும் வழியில் தேங்காய் பழம் விற்கும் அம்மையாரிடம் நின்று, அம்மன் வரலாறு கேட்பார். உரையாடல் பொதுவாக இவ்வாறு அமையும்.

"அம்மா, இந்தச் சாமி எதுக்குச் சிரிக்குது?"

"சிரிக்குதா? நான் பாத்ததில்லீங்களே."

"சிரிச்சுக் கொல்லும்னு சொல்றாங்களே."

"யாருங்க சொன்னது? நீங்க பஸ்ஸுல வந்தவங்களா? தட்டு நூறு ரூவாய்ங்க. எண்ணெய் தனி."

"நான் அம்மனப் பத்தி எழுதலாம்னு இருக்கேங்க."

"எழுதுங்க சாமி. தேங்காய ஒடைச்சுத் தரட்டுமா, உள்ள போய் ஒடைச்சுக்கிறீங்களா?"

இவ்விறுதி வினாவுக்கு இரண்டே விடை உண்டு. இரண்டிலும் மறுபுனைவு இல்லை. முனைநர் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போவார், கும்பிடுவார், நீறு பூசிக்கொள்வார். திரும்பி வருகையில் கையில் அரைமூடித் தேங்காய் இருக்கும். அம்மனை நேரில் கண்டு வந்தவர்க்கு அவளை வேறு மாதிரிச் சொல்ல வேண்டும் என்னும் முனைப்பு தணிந்திருக்கும். தணியாதவர் சட்னிக்கு ஆகும் என்று அந்த மூடியைப் பைக்குள் வைத்தபின் தணிவர். அம்மையார் எதனையும் தடுத்தாரல்லர் என்பதை நோக்குக. ஐயமோ எதிர்ப்போ அவரிடம் இல்லை. முனைநர் எதிர்பார்த்து வந்தது எதிர்ப்பு. அது கிடைக்காதபோது திட்டத்துக்கு ஊன்றுகோல் போய்விடுகிறது.

புறனடை.

மேற்கூறிய விதிகளுக்கு அடங்காமல் எழுதி முடித்துவிட்டோரும் சிலர் உளர். அவரை மறுத்தல் இயலாது. நூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. அம்பை, அடவி என்னும் சிறுபுனைவில் ஒரு பெண்ணைக் காட்டுக்குள் அனுப்பி, சீதை தன் வரலாற்றைத் தானே எழுதும்படி செய்தார். தெலுங்கில் ஓல்கா, சீதை பிற பெண்களைச் சந்திக்கும் நூலை எழுதி 2015இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றுவிட்டார். செயமோகன் கண்ணகி வரலாற்றைத் தூய தமிழிலேயே எடுத்துக்கொண்டு 2005இல் கொற்றவை என முடித்தார். அயற்சொல் கலவாது அவ்வளவு நீளம் செல்லுதல் இயலும் என அவர் காட்டியமையால், "தூய தமிழில் எழுதலாம் என்று இருந்தேன், அதனால்தான் பொழுதாகிறது" என்னும் மறத்தல்வாயில் ஒன்று அன்றோடு அடைபட்டது. திட்டவியலுக்கு இஃது இழப்பே. இம்மூவரும் வரலாறுடையாரையே எடுத்தனர் என்பதை மாணாக்கர் குறித்துக்கொள்க.

பாரதியார் நிலை சிக்கலானது. ஊர்தோறும் அம்மனாய் நிற்கும் திரௌபதியை அவர் எடுத்தார். பாஞ்சாலி சபதத்தின் முதற்பகுதி 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதி அச்சேறியது அவர் மறைந்தபின், 1924இல். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டில் அவ்விரண்டாம் பகுதி படைப்பா, திட்டமா? வெளிவராதது அனைத்தும் திட்டமே என்பர் ஒருசார் ஆசிரியர். அற்றன்று, எழுதப்பட்டுக் கையெழுத்துப்படியாய் இருந்தமையின் அது படைப்பே, எவரும் படிக்க இயலாமை அதன் குற்றம் ஆகாது என்க. இவ்விதியைக் கையாண்டு, தமக்கும் பெட்டிக்குள் ஒரு கையெழுத்துப்படி உண்டு எனக் கூறும் முனைநர் இக்காலத்து மிகுதி. அவர்கள் பெட்டியைத் திறந்து காட்டக் கடவர். திறவுகோல் காணவில்லை என்பது மறத்தலின் ஏழாம் வகையாகக் கொள்ளப்படும்.